டீச்சருக்கு என்ன கொடுப்பது?

நவம்பர் மாதம் பிறந்தால் எங்கள் மகளிர் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். சேமிப்புக் கணக்கை வாசித்து, கடன் தவணை பேசி முடித்து, தேநீர் குடிக்கும் நேரத்தில் யாராவது ஓர் இளம் தாய் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்: "அக்கா, முன்பள்ளி டீச்சருக்கு இந்த முறை என்ன குடுக்கிற?" சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொல்லத் தொடங்கினால் கூட்டம் முடிய இருட்டிவிடும். ஒருவர் சேலை என்பார். ஒருவர் சுவர் மணிக்கூடு என்பார். இன்னொருவர், "காசாகக் குடுத்தா என்ன குறையுது?" என்பார். மூலையில் இருக்கும் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசமாட்டார். என் கண் எப்போதும் அந்த மூலைக்குத்தான் போகும்.

"இதெல்லாம் ஒரு விடயமா? இதற்கு ஒரு பக்கமா?" என்று கேட்கும் சகோதரிகளும் இருக்கலாம். வீட்டில் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை இருக்கும் தாய் அப்படிக் கேட்கமாட்டார்.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் ஆசிரியருக்குக் கொடுப்பதற்கு ஒழுங்கான முறை ஒன்று இருந்தது. விஜயதசமியிலோ தைப்பூசத்திலோ ஏடு தொடக்கும்போது ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், அதன்மேல் வசதிப்படி ஒரு தட்சணை. வெற்றிலைக்குள் ஐந்து ரூபாய் இருக்கிறதா ஐந்நூறு ரூபாய் இருக்கிறதா என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. வெற்றிலை எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். இப்போது நாட்கள் பெருகிவிட்டன. ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம். உலகம் 5ஆம் திகதி கொண்டாடும் ஆசிரியர் தினத்தை நாம் இலங்கையில் 6ஆம் திகதி கொண்டாடுகிறோம். நவராத்திரி வந்தால் வாணி விழா, டிசம்பரில் ஒளிவிழா, வருட முடிவில் கலைவிழாவும் பிரியாவிடையும். இவை போதாதென்று அண்மைக் காலமாக டீச்சரின் பிறந்தநாளும் சேர்ந்துகொண்டது. அதற்குக் கேக் வேண்டும், கேக்கில் டீச்சரின் படம் வேண்டும். இந்தக் கடைசி வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டீச்சர்மார் பலருக்கும் அது பிடிக்கவில்லை. வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு கேக்கை வெட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் கொடுக்க வேண்டும் என்ற மனம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் நாள் நினைவிருக்கிறதா? உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கத்திய பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "நீங்க போங்க, திரும்பிப் பாராதீங்க" என்று உங்களை அனுப்பியவர் அவர். உங்கள் பிள்ளை முதன்முதல் பென்சிலைப் பிடித்ததை நீங்கள் பார்க்கவில்லை, அவர்தான் பார்த்தார். சோறு உண்ணாத பிள்ளை அடுத்த பிள்ளையைப் பார்த்து உண்டதையும் அவர்தான் பார்த்தார். பிள்ளை காற்சட்டையை நனைத்தபோது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பின்பக்கம் கூட்டிப்போய்க் கழுவியவரும் அவரே. பேச்சுத் தாமதமான பிள்ளையை, காது சரியாகக் கேட்காத பிள்ளையை, வீட்டில் அடிவாங்கிவிட்டு வரும் பிள்ளையை முதலில் கண்டுபிடிப்பவரும் பெரும்பாலும் முன்பள்ளி ஆசிரியைதான். எங்களிடம் வரும் சிறுவர் பாதுகாப்பு விடயங்களில் எத்தனையோ, "பிள்ளை ரெண்டு நாளா ஒரு மாதிரி இரிக்கு" என்று ஒரு டீச்சர் எடுத்த தொலைபேசி அழைப்பில் தொடங்கியவை.

இவ்வளவும் செய்யும் அவருடைய கையில் மாத முடிவில் என்ன வருகிறது?

எங்கள் நாட்டில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 1980இல் இலவசப் பாடநூலும் 1993இல் இலவசச் சீருடையும் சேர்ந்தன. ஆனால் இவையெல்லாம் முதலாம் தரத்தின் வாசலில் இருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்திய இரண்டு வருடங்கள் அந்த வாசலுக்கு வெளியே நிற்கின்றன. முன்பள்ளியை நடத்துவது ஓரிடத்தில் கிராம அபிவிருத்திச் சங்கம், ஓரிடத்தில் பிரதேச சபை, ஓரிடத்தில் கோயில், பள்ளிவாசல் அல்லது தேவாலயம், இன்னோரிடத்தில் ஒரு தொண்டு நிறுவனம். நகரத்தில் தனியார் வெள்ளையடித்து, வாசலில் கார்ட்டூன் படம் வரைந்து நடத்துகிறார்கள். கிராமத்தில் டீச்சரின் சம்பளம் என்பது பெற்றோர் கொடுக்கும் மாதக் கட்டணமும், அரசோ மாகாண நிர்வாகமோ வழங்கும் ஒரு சிறு கொடுப்பனவும்தான். இரண்டையும் கூட்டினாலும் ஒரு தையல் தொழிற்சாலைப் பெண்ணின் சம்பளத்தை எட்டாத இடங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டு வந்தது. ஊழியர் 8 சதவீதம், தொழில் கொள்வோர் 12 சதவீதம் என்று எல்லோருக்கும் பாடம். நான் பணிசெய்யும் படுவான்கரைக் கிராமங்களில் சேமலாப நிதி இருக்கும் ஒரு முன்பள்ளி ஆசிரியையை இன்னும் சந்திக்கவில்லை. இருபது வருடம் படிப்பித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

"டீச்சர் சேவை செய்றா" என்று எல்லாரும் சொல்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் பெண்கள் செய்யும் வேலைக்குச் சேவை என்று பெயர் வைத்தால் பிறகு சம்பளம் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவார்கள்.

சரி, பரிசுக்கு வருவோம். பல வருடங்களாகப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையிடம், இதுவரை கிடைத்த பரிசுகளைப் பற்றிக் கேட்டேன். அவர் எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து காட்டினார். பெட்டி பிரிக்காத கண்ணாடிக் குவளைகள், தேநீர்ச் செற்றுகள், பிளாஸ்டிக் பூச்சாடிகள், "சிறந்த ஆசிரியை" என்று ஆங்கிலத்தில் எழுதிய நான்கு தேநீர்க் கோப்பைகள். "மணிக்கூடு மட்டும் ஏழு இரிக்கு தங்கச்சி," என்றார். "ஏழும் ஏழு நேரம் காட்டுது. பற்றறி மாத்தக் காசு வேணுமே." சேலையைப் பற்றியும் சொன்னார். சேலை தருகிறார்கள், சந்தோசம். ஆனால் அதற்கு உள்பாவாடை, சட்டைத்துணி, தையற்கூலி எல்லாம் டீச்சரின் கணக்கு. கட்டாமல் வைத்தால், "நாங்க குடுத்த சாறிய டீச்சர் உடுக்கவே இல்ல" என்று குறை வரும். அதனால் போன வருடம் கிடைத்த இரண்டு சேலைகளுக்கும் சட்டை தைக்க, அந்த மாதம் வீட்டு மின்சாரக் கட்டணத்தைப் பிற்போட்டாராம். பரிசு கொடுத்தவர்களுக்கு இது தெரியாது. சொல்லவும் முடியாதே.

அவர் சொன்ன இன்னொன்று. பிரியாவிடை நாளில் பெற்றோர் பரிசு கொடுத்தால் வெறுங்கையோடு பிள்ளைகளை அனுப்ப அவருக்கு மனம் வராது. முப்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பென்சில், ஓர் அழிறப்பர், ஒரு ரொபி என்று தன் காசில் பொதி கட்டுவார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மார்சல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞரின் கட்டுரை ஒன்று எங்களுக்குப் பாடமாக இருந்தது. 1925இல் வெளியானது. அன்பளிப்பு என்பது சும்மா கொடுப்பதல்ல, அதில் கொடுக்க வேண்டிய கடமை, வாங்க வேண்டிய கடமை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை என மூன்றும் இருக்கின்றன என்று அவர் எழுதினார். தூரத்துத் தீவுகளின் மக்களைப் பற்றிய உதாரணங்களோடு அதைப் படித்துப் பரீட்சை எழுதினோம். கலியாண வீட்டு மொய்க் கொப்பியையும் இந்த டீச்சரின் முப்பது பென்சில்களையும் பார்த்த பிறகுதான் அது எங்கள் ஊர்ப் பாடம் என்று தெரிந்தது.

இப்போது மூலையில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். நுண்கடன் விடயமாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் மேசன் வேலை. எங்கள் பக்கம் டிசம்பர் என்றால் மாரி மழை, மேசன்மாருக்கு வேலை கிடையாது. ஐந்து வயதுப் பெண்பிள்ளை திண்ணையில் இருந்து கரித்துண்டால் தரையில் எழுதிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்துமணி. "முன்பள்ளி இல்லையா மகள்?" என்று கேட்டேன். பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய், "காய்ச்சல் அக்கா" என்றார். பிள்ளையின் நெற்றியில் கை வைத்தேன். காய்ச்சல் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதை வந்தது. முன்பள்ளியின் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில், டீச்சருக்குப் பரிசு வாங்கப் பிள்ளைக்கு 1,500 ரூபாய் என்று தீர்மானித்திருக்கிறார்கள். கலைவிழா உடுப்பு வாடகை வேறு. காசு கொடுத்தவர்களின் பெயருக்கு நேரே பச்சைச் சரி அடையாளம் போட்டு, ஒவ்வொரு நாளும் இரவு பட்டியல் வரும். முதல் நாள் பத்துப் பேர், மறுநாள் பதினெட்டு, பிறகு இருபத்தைந்து. கடைசியில் அடையாளம் இல்லாத பெயர்கள் மூன்று. "ராவில போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறுது அக்கா" என்றார். அந்தக் குழுவில் அவரை யாரும் ஏசவில்லை. மிகவும் மரியாதையாக, "மிகுதி அம்மாமார் நாளைக்குள் தந்து உதவவும், நன்றி" என்றுதான் எழுதியிருந்தார்கள். கூப்பிய கை படமும் போட்டிருந்தார்கள். அவர் பிள்ளையை மறித்துவிட்டார். இரண்டு கிழமையாகப் பிள்ளை முன்பள்ளிக்குப் போகவில்லை. அந்தக் கிழமைக் கடன்காரருக்குக் கட்ட வைத்திருந்த காசை எடுத்துப் பரிசுக்குக் கொடுத்துவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

அவருடைய சம்மதத்தோடு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். டீச்சருக்கு எதுவும் தெரியாது. பிள்ளைக்கு டெங்குவாக இருக்குமோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார். பிள்ளைக்கு அம்மை என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். விடயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "என்ன வாங்கியிருக்காங்க எண்டு தெரியுமா அக்கா?" ஒரு தேநீர்ச் செற், ஒரு சுவர் அலங்காரம், ஒரு சேலை என்றேன். "கடையில மாத்தலாமா?" என்று கேட்டார். அன்று பின்னேரமே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சைக்கிளில் போய், மறுநாள் தானே கூட்டிக்கொண்டும் போனார். சேலையை மாற்ற முடியவில்லை. மற்றவற்றைக் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாற்றிக்கொடுத்தார். பிள்ளைகள் இருப்பதற்கு இரண்டு பெரிய பாய்களும், மூடியோடு ஒரு தண்ணீர்க் கொள்கலனும் வந்தன. காசு சேர்த்த தாய்மாரில் ஒரு சிலருக்கு இதில் கோபம். தங்கள் பரிசை டீச்சர் மதிக்கவில்லை என்று ஒருவர் அடுத்த வருடம் இரண்டாவது பிள்ளையை வேறு முன்பள்ளியில் சேர்த்துவிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி முடியவில்லை.

அந்தத் தாய்மாரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது. "குடுக்காட்டி என்ர புள்ளய டீச்சர் கவனிக்க மாட்டா" என்ற பயம். கலைவிழாவில் யார் பிள்ளை இராசாத்தி, யார் பிள்ளை மரம் என்று பார்த்து, போன வருடம் யார் என்ன கொடுத்தார்கள் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டீச்சர்மாரிலும் முகம் பார்த்து நடப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கண்டவரை பெரும்பாலான முன்பள்ளி ஆசிரியைகளுக்கு அப்படி நடக்க நேரமே இல்லை. முப்பது பிள்ளைகளில் பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் மலசலகூடத்துக்குப் போகவேண்டும் என்று நிற்கும்போது எந்தப் பிள்ளையின் தாய் சேலை தந்தவர் என்று யாருக்கு ஞாபகம் வரும்?

அப்படியானால் என்னதான் கொடுப்பது? பல டீச்சர்மாரிடம் கேட்டேன். அவர்கள் சொன்னவற்றில் முதலாவது எல்லோருக்கும் பொதுவானது: மாதக் கட்டணத்தைச் சொன்ன திகதியில் கொடுங்கள். பரிசுக்கு ஆயிரத்தைந்நூறு கொடுத்த வீட்டிலேயே மூன்று மாதக் கட்டணம் பாக்கி இருக்கும் விந்தையை அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். முடிந்தவர்கள் முடியாத ஒரு பிள்ளையின் கட்டணத்தையும், யாருடைய பிள்ளை என்று கேட்காமல், டீச்சரிடம் கொடுத்துவிடலாம். அது எந்த அலுமாரியிலும் தூங்காது.

அடுத்தது அவர் தன் கைக்காசில் வாங்கும் பொருட்கள். பிறிஸ்டல் அட்டை, பசை, வர்ணக் கடதாசி, கிறயோன், முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல். நீங்கள் கடையில் வாங்கவும் தேவையில்லை. கழுவிக் காயவைத்த யோகட் கோப்பைகள், தண்ணீர்ப் போத்தல் மூடிகள், தீப்பெட்டிகள், தையற்கடையில் வெட்டி எறியும் துணித்துண்டுகள், புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, சிப்பி என்று ஒரு பை நிறையச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு டீச்சரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். கிண்டர்கார்டன் என்ற சொல்லை 1840இல் உருவாக்கிய ஜெர்மானியர் பிரீட்ரிக் புரோபெல், பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்த கம்பளிப் பந்துகளுக்கும் மரக்கட்டை உருளை, கனவுருக்களுக்கும் வைத்த பெயரே "பரிசுகள்" என்பதுதான். முன்பள்ளிக்கும் பரிசுக்கும் உள்ள உறவு அங்கேயிருந்து வருகிறது. அதில் மணிக்கூடு இல்லை.

டீச்சருக்கே சொந்தமாக ஏதாவது கொடுக்கவேண்டும், எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டால் அவருக்கு என்ன என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. பெண்ணுக்குக் கொடுப்பதையெல்லாம் அவள் பார்க்கும் வேலைக்கே கொடுப்பது, மனைவியின் பிறந்தநாளுக்கு மிக்சி வாங்கிக்கொடுக்கும் கதைதான். ஆகவே அவருக்கென்றும் கொடுங்கள். ஆனால் அவருடைய நாளை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துக் கொடுங்கள். மழையில் நடந்து வருகிறாரா? நல்ல கம்பி உள்ள ஒரு குடை. தொண்டை கரகரக்கக் கத்துகிறாரா? சுடுநீர்ப் போத்தல். சைக்கிளில் வருபவருக்கு ஒரு மழையங்கி. தொலைபேசி மீள்நிரப்பு அட்டை கூட நல்லதுதான், உங்களோடு பேசத்தானே அவர் செலவழிக்கிறார். எங்கள் மாவட்டத்துத் தாய்மார் வீட்டில் விளைவதைக் கொடுக்க ஏன் வெட்கப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. ஒரு சட்டித் தயிர், ஒரு போத்தல் தேன், பத்து நாட்டுக்கோழி முட்டை, பன்னில் இழைத்த ஒரு பாய். இவற்றுக்கு முன்னால் கண்ணாடிக் குவளை என்ன?

ஒரு சிறு கவனம். எங்கள் பக்கம் ஒரே முன்பள்ளியில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து படிப்பதுண்டு, டீச்சரும் வேறு சமயமாக இருப்பதுண்டு. கிறிஸ்தவ டீச்சர் ஒருவருக்குச் சரஸ்வதி படம் கிடைத்தது. அவர் அதை மிகப் பத்திரமாகப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவைத்திருக்கிறார். முஸ்லிம் டீச்சருக்குக் கேக் வாங்குபவர்கள் அது எங்கே செய்தது என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்கினால் அவருக்குச் சங்கடம் இல்லை.

கையில் காசே இல்லாதவர்களுக்கு? கையில் காசு இல்லை, ஆனால் கை இருக்கிறதே. 2022இல் எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில், முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சுவதற்கு ஒரு தாய் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கட்டு விறகு தலையில் சுமந்து வந்து போட்டுவிட்டுப் போவாராம். "அந்த வருசம் எனக்கு வேற ஒரு பரிசும் நினைவில்ல" என்று அந்த டீச்சர் சொன்னார். மழைக்கு முன் கூரையில் ஏறி ஒழுக்கை அடைப்பது, கிணறு இறைப்பது, டெங்கு நுளம்பு பெருகாமல் வளவைத் துப்புரவாக்குவது, ஊஞ்சல் கயிற்றை மாற்றுவது எல்லாம் ஒரு சனிக்கிழமை சிரமதானத்தில் முடியும் வேலைகள். இதில் தகப்பன்மாரையும் இழுத்துவிடுங்கள். பரிசு யோசிக்கும் தலையிடி ஏன் எப்போதும் தாய்க்கு மட்டும்?

இன்னும் ஒன்று, ஒரு தாளும் ஒரு பேனையும் போதும். கடிதம். "எங்கள் மகன் உங்களிடம் வரும்போது நான்கு சொல் மட்டும் பேசினான், இப்போது கதை சொல்கிறான்" என்று நடந்ததை நடந்தபடி எழுதி, திகதி இட்டு, கையெழுத்து வைத்துக் கொடுங்கள். ஒரு பிரதியை முன்பள்ளியை நடத்தும் சங்கத்துக்கும், இன்னொன்றைப் பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, பெற்றோர் எழுதிய பதினொரு கடிதங்களைக் கோப்பில் இட்டு நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோனார். தேநீர்ச் செற்றைக் கொண்டுபோக முடியுமா? எழுதத் தெரியாத தாய்மாருக்கு எழுதிக்கொடுக்க எங்கள் மகளிர் சங்கங்களில் ஆள் இருக்கிறது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள், உங்கள் அலங்காரத்தைச் சேர்க்காதீர்கள்.

சேர்ந்து வாங்குவது என்று தீர்மானித்தால் ஒரு தகரப் பேணியில் துளை போட்டு முன்பள்ளி வாசலில் ஒரு கிழமை வையுங்கள். போடுகிறவர் போடட்டும். பட்டியல் வேண்டாம், சரி அடையாளம் வேண்டாம், தொகையும் சொல்ல வேண்டாம். சேர்ந்த காசுக்கு ஏற்றதை வாங்கி, "எல்லாப் பிள்ளைகளும்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். எங்கள் மகனின் முன்பள்ளியில் போன வருடம் இப்படித்தான் செய்தோம். பேணியை வெட்டித் திறந்தபோது, பட்டியல் போட்டுச் சேர்த்த முந்திய வருடத்தைவிட 700 ரூபாய் மட்டும் குறைவாக இருந்தது. டீச்சர்மாரும் தவணைத் தொடக்கப் பெற்றோர் கூட்டத்திலேயே, "எனக்கு இன்ன விலைக்கு மேலே எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் நல்லது. வருட முடிவில் சொன்னால் அது மறுப்பு மாதிரி இருக்கும், தொடக்கத்தில் சொன்னால் முறையாகிவிடும்.

இத்தனை பக்கமும் டீச்சர், டீச்சர் என்றே எழுதிவிட்டேன். முன்பள்ளியில் இன்னும் ஒருவர் இருக்கிறார். காலை ஆறரைக்கு வந்து கதவைத் திறந்து, கூட்டி, தண்ணீர் நிரப்பி, கஞ்சி காய்ச்சி, வாந்தியையும் மலசலகூடத்தையும் கழுவும் அம்மா. பிரியாவிடைப் படத்தில் அவர் இருக்கமாட்டார், ஏனென்றால் அந்த நேரம் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருப்பார். இந்த வருடப் பேணியில் அவருக்கும் பங்கு என்று எங்கள் பெற்றோர் கூட்டத்தில் முடிவானது. என்ன வேண்டும் என்று கேட்டுவரும் பொறுப்பு எனக்கு. சேலை, குடை, செருப்பு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அங்கே பிள்ளைகளின் குட்டிக் கதிரைகள் முப்பத்தொன்றும், டீச்சரின் கதிரை ஒன்றும் இருந்தன.

"எனக்கு ஒரு கதிரை வேணும் மகள்," என்றார். "பெரிய ஆக்கள் இரிக்கிற கதிரை. பிள்ளையள் சாப்பிடுற நேரம் கொஞ்சம் குந்துறத்துக்கு."

கை வைத்த பிளாஸ்டிக் கதிரை எங்கள் சந்தியில் என்ன விலை போகிறது என்று வெள்ளிக்கிழமை பார்க்கப்போகிறேன்.